டிஸ்க் விலகலுக்குக் காத்திருப்பதா, ஊசியா, அறுவையா? சிங்கப்பூரில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது

இடுப்பு டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்த நாளே வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தேக்காவில் எண்ணெய் போட்டு நீவிவிடும் இடம் ஒன்று இருக்கிறது என்பார் பெரியம்மா. சீன வைத்தியரிடம் அக்குபஞ்சர் செய்துகொண்டதில் தனக்குச் சரியாகிவிட்டது என்பார் அலுவலக நண்பர். காப்புறுதிதான் இருக்கிறதே, நேராகத் தனியார் நிபுணரிடம் போய் அறுவை செய்துகொள் என்பார் மச்சான். முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது என்று ஊரிலிருந்து அத்தை போனில் அழுவார். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாமல் கிடப்பவருக்கு, இதில் எது தனக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அறுவை வேண்டுமா வேண்டாமா என்பது முதல் நாள் கேள்வியே இல்லை. இப்போது செய்வதா, இன்னும் ஆறு வாரம் பார்ப்பதா என்பதே கேள்வி. அதற்கான விடையை எம்ஆர்ஐ படத்தில் தேடுவதைவிடக் காலில் தேடுவது நல்லது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. சிறுநீர் வர மறுத்தாலோ தெரியாமல் கசிந்தாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போய்க் கழுவும்போது தொடுவது தெரியாவிட்டாலோ, இரண்டு கால்களும் ஒருசேரப் பலமிழந்தாலோ, முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எண் எடுத்து உட்காரக்கூடாது. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நகர முடியாவிட்டால் ஆம்புலன்சுக்கு 995 அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். வயதான அம்மாவோ அப்பாவோ கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் இருப்பார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கைப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளலாம். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரில் படுகிறது. இடுப்பில் இப்படி ஆவதில் 100க்குச் சுமார் 95 பேருக்குக் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் ஆகிறது: எல்4-எல்5, எல்5-எஸ்1 (எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ் அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பு; எண் அதன் வரிசை). அங்கே புறப்படும் நரம்புகள் பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை போகின்றன. கோளாறு இடுப்பில் இருக்க, வலி காலில் சுரீரென்று இறங்குவது அதனால்தான்.

வலிக்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை. கசிந்த கூழ் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. முதல் சில வாரங்களின் தாங்க முடியாத வலியில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இதே அழற்சிதான் பிறகு நன்மையும் செய்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு, வெளியே வந்த துண்டை வேற்றுப் பொருளாக எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கின்றன. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், முழுவதும் பிய்ந்து தனியாக வந்துவிட்ட துண்டுகளில் 96 விழுக்காடு தானாகவே சுருங்கியிருந்தன. வெறும் புடைப்பாக இருந்தவற்றில் 13 விழுக்காடுதான் சுருங்கின. அறிக்கையில் "பெரிய விலகல்" என்று படித்துவிட்டுத் தூக்கமிழப்பவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்: படத்தில் பயமுறுத்தும் துண்டுக்குத்தான் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, முதுகுவலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்தது. 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி கிடையாது. அதனால், ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லாமல் முதல் வாரத்திலேயே சொந்தச் செலவில் எம்ஆர்ஐ எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊசி அல்லது அறுவை என்ற பேச்சு வரும்போது படம் கட்டாயம் தேவை. அதற்கு முன்னால் அது பெரும்பாலும் பயத்தைத்தான் தரும்.

காலில் என்ன பார்ப்பது? குதிகாலால் சில அடி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வராமல் தொப்பென்று விழுந்தால், அல்லது கட்டைவிரலை மேலே மடக்க முடியாவிட்டால், எல்5 நரம்பு பலமிழக்கிறது என்று சந்தேகிக்கலாம். பாதிக்கப்பட்ட காலில் மட்டும் நின்று நுனிவிரலில் எழும்ப முடியாவிட்டால் எஸ்1. வலி மட்டும் இருந்து பலம் அப்படியே இருந்தால் காத்திருக்க இடமிருக்கிறது. பலம் நாளுக்கு நாள் குறைந்தால் இல்லை. இன்னொன்று: பாதத்தில் இருந்த வலி ஏறி முழங்காலுக்கும் பிறகு பிட்டத்துக்கும் பின்வாங்கினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும்கூட, அது நல்ல அறிகுறி. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் ஆறு வாரம்

நடமாட்டம், வலி மாத்திரை, இயன்முறை சிகிச்சை. கேட்க ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இதிலேயே தேறுகிறார்கள். படுக்கையில் கிடப்பது ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். உட்கார்வதுதான் பலருக்கு வலியைக் கூட்டும். ஆகவே வீவக தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம், கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் என்று பிரித்துப் பிரித்து நடக்கலாம். பக்கத்துப் பொது நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது, தரையில் நடக்க முடியாதவர்களுக்குக்கூட ஒத்துவருவதுண்டு.

மாத்திரையில் கொஞ்சம் கவனம் தேவை. ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் வகை அழற்சி மருந்துகள் வலியைக் குறைக்கும். ஆனால் நம்மவர்களில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் நிறைய. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து விழுங்கக்கூடாது. நரம்பு வலிக்கென்று பிரிகாபலின் எழுதித் தருவதும் வழக்கமாக இருக்கிறது. 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இந்தக் கால் வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தரவில்லை. தலைச்சுற்றல்தான் அதிகமாக வந்தது. அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இதனால் பலன் தெரிகிறதா, தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இயன்முறை சிகிச்சையில் படுக்கவைத்துச் சூடு வைப்பதும் மின்கருவி மாட்டுவதும் மட்டுமே நடந்தால் அது போதாது. எந்த அசைவில் கால் வலி பின்வாங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை வீட்டில் செய்யக் கற்றுக்கொடுத்து, வாரத்துக்கு வாரம் சுமையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பல பலதுறை மருந்தகங்களிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. காத்திருப்பு இருக்கும், ஆனால் கட்டணம் தனியாரோடு ஒப்பிட மிகக் குறைவு. காப்புறுதியின் உதவியில்லாமல் சொந்தப் பணம் செலவழிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: எம்ஆர்ஐக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மூன்று நல்ல இயன்முறை அமர்வுகளுக்குப் போடுங்கள்.

எண்ணெய், அக்குபஞ்சர், எலும்பைச் சொடுக்குவது

இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது. சீன மருத்துவர்களும் அக்குபஞ்சர் செய்பவர்களும் இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் சட்டபூர்வப் பதிவு உண்டு. கைரோபிராக்டர்களுக்கும் ஆயுர்வேத நிலையங்களில் வேலை செய்வோருக்கும் அப்படிப்பட்ட பதிவுக் கட்டாயம் இல்லை. அவர்களில் திறமையானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. யார் திறமையானவர் என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

அக்குபஞ்சருக்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. 2024இல் வெளியான சீன ஆய்வில், டிஸ்க் விலகலால் நாள்பட்ட கால் வலி இருந்தவர்களுக்குப் போலி அக்குபஞ்சரைவிட உண்மையான அக்குபஞ்சர் கூடுதல் நிவாரணம் தந்தது. எண்ணெய் நீவல் தசைப்பிடிப்பை இளக்கும், உடம்புக்கு இதமாக இருக்கும், நன்றாகத் தூக்கம் வரும். அதற்காகப் போவதில் தப்பில்லை. விலகிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதுகில் ஏறி மிதிப்பது, வேகமாகத் திருகிச் சொடுக்குவது இரண்டையும், காலில் பலவீனமோ மரமரப்போ இருப்பவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இருபது அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள். ஆறு வாரத்தில் தானாகவே குறையக்கூடிய வலிக்கு முன்பணம் வாங்குகிறவர், வலி குறைந்தால் அந்தப் பெருமையையும் எடுத்துக்கொள்வார்.

ஊசியும் அறுவையும்

ஆறு வாரம் கடந்தும் கால் வலி தூங்கவிடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அடுத்த படிக்கு வரலாம். முதுகுத்தண்டு ஊசி என்பது, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே நரம்பு வேரின் அருகில் ஸ்டீராய்டு மருந்து செலுத்துவது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். டிஸ்க்கை அது சரிசெய்வதில்லை. அழற்சியை அடக்கி, சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு, வலியைத் தணிக்கிறது. அதற்குள் துண்டு கரைய நேரம் கிடைக்கிறது, பயிற்சி செய்ய முடிகிறது. சராசரியாகப் பார்த்தால் பலன் மிதமானதுதான். ஒருவருக்கு நன்றாகக் கேட்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2021இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 163 பேரில் ஊசியையும் அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 18 வாரத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலம் குறையாத, வலி மட்டுமே தொல்லையாக இருக்கும் ஒருவர் அறுவைக்கு முன் ஊசியை முயன்று பார்ப்பது நியாயம்தான் என்று இதை வைத்துச் சொல்லலாம்.

அறுவை என்றதும் முதுகைப் பிளந்து இரும்புக் கம்பி வைப்பார்கள் என்ற பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. முதல்முறை வரும் சாதாரண டிஸ்க் விலகலுக்குச் செய்வது மைக்ரோடிஸ்கெக்டமி. சிறிய கீறல் போட்டு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். டிஸ்க்கின் மீதி அப்படியே இருக்கும். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ நடப்பார்கள். எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்கும் அறுவை இதற்கு வழக்கமாகத் தேவையில்லை. முதல் சந்திப்பிலேயே யாராவது அதைச் சொன்னால், வேறொரு நிபுணரின் கருத்தையும் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு பலன்? 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு எனக்கு மிகவும் உதவியாகத் தெரிகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால் வலியில் இருந்த 283 பேரில் ஒரு பாதியினருக்குச் சீக்கிரம் அறுவை என்று முடிவானது; மறுபாதியினர் காத்திருந்து, தேவைப்பட்டால் செய்துகொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். அறுவைக் குழு சராசரியாக 4 வாரத்தில் தேறியது, காத்திருந்த குழு சுமார் 12 வாரத்தில். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் தாங்க முடியாமல் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதாவது, அந்தக் கட்டத்தில் அறுவை வாங்கித் தருவது முக்கியமாக வேகம். அந்த இரண்டு மாத வேகம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. நான்கு மாதம் தாண்டியும் கால் வலி விடாதவர்களை எடுத்து 2020இல் வெளியான கனடிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் வலி ஆறு மாதம் கழித்து 10க்கு 2.8 ஆக இருந்தது, மற்றவர்களுக்கு 5.2. அவ்வளவு நாள் இழுத்த வலி தானாகப் போய்விடும் என்று ஆண்டுக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது சரியில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறுவை கால் வலிக்கு நல்லது, இடுப்பு வலிக்கு அவ்வளவு நம்பத் தகுந்ததல்ல. நரம்பு உறை கிழிவது, கிருமித் தொற்று போன்றவை சிலருக்கு ஏற்படுகின்றன. அதே டிஸ்க் மறுபடி பிதுங்குவது 100க்கு 5 முதல் 15 பேர்வரை நடக்கிறது. புகைபிடிப்பவர்கள் அறுவைக்கு முன்பே நிறுத்துவது நல்லது.

எந்த வாசல் வழியாகப் போவது

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்க மானியக் கட்டணத்தில் அரசாங்க நிபுணரைப் பார்க்க, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) அட்டை உள்ளவர்களுக்கு அத்திட்டத்தில் உள்ள மருந்தகங்களும் தரலாம். நேராகத் தனியார் நோயாளியாக நுழைந்தால் விரைவாகப் பார்ப்பார்கள், மருத்துவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கட்டணமும் முழுதாக வரும். தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம். தேசிய அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப், முன்பே இருந்த நோய்களுக்கும் சேர்த்து எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. ஆனால் அதன் தொகை அரசாங்க மருத்துவமனைகளின் மானிய விலைப் பி2, சி வகுப்புப் படுக்கைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. தனியார் காப்புறுதி இருந்தால், காப்புறுதி தருவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய கழிப்புத் தொகை எவ்வளவு, மீதியில் நம் பங்கு எவ்வளவு என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். டிஸ்க் விலகல் பதிவான பிறகு வேறு காப்புறுதிக்கு மாறினால், முதுகை அவர்கள் விலக்கிவிட வாய்ப்பு மிக அதிகம். இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளுக்குக் கணக்கு வேறு. பாரம் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால், தைலம் தேய்த்துக்கொண்டு விடுதியில் படுத்துவிடாதீர்கள். அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். மருத்துவரை முதலில் பார்க்கும்போதே எந்த இடத்தில், எதைத் தூக்கியபோது ஆனது என்று சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரை உதவிக்குக் கேளுங்கள். முதல் நாள் குறிப்பில் எழுதப்படுவதற்குப் பிற்பாடு பெரிய எடை உண்டு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் முதலாளியின் பொறுப்பு. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. இவர்களுக்கு "ஆறு வாரம் பார்க்கலாம்" என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடிய வார்த்தை அல்ல என்பது எனக்குத் தெரியும். பாரம் தூக்காத இலகு வேலை என்று மருத்துவரிடம் எழுதி வாங்குவது அதனால்தான் முக்கியம்.

ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா? சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் நல்ல அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு, பார்த்துக்கொள்ள அம்மா இருப்பார். ஆனால் திட்டமிட்டு இந்தியாவில் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் கைகொடுக்காது. திரும்பி வந்தபின் காயத்தில் நீர் கசிந்தாலோ வலி மறுபடி வந்தாலோ, இங்கே உங்கள் முதுகைத் திறந்து பார்த்த மருத்துவர் இருக்க மாட்டார். நான்கு மணி நேர விமானப் பயணத்தையும் கணக்கில் சேர்த்து, குறைந்தது சில வாரம் அங்கேயே தங்க முடிந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். குடும்பம் முழுக்க அங்கே இருக்கும் வேலை அனுமதிக்காரருக்கு இது நல்ல வழியாகவும் இருக்கலாம். போவதற்கு முன் காய இழப்பீட்டுக் கோரிக்கையின் நிலையை மனிதவள அமைச்சில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சரி, ஒரே படம், ஒரே எல்5-எஸ்1 விலகல், இரண்டு பேர். அலுவலகத்தில் நின்றுகொண்டு வேலை செய்ய மேசை கிடைத்த ஒருவர், பலம் குறையவில்லை, வலி மெல்ல மேலே ஏறுகிறது. அவர் பன்னிரண்டு வாரம்வரை பயிற்சியோடு பொறுத்துப் பார்க்கலாம். இன்னொருவர் நாள் முழுவதும் டாக்சி ஓட்டுபவர், உட்கார்ந்தால்தான் சம்பாத்தியம், எட்டாவது வாரத்திலும் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. அவர் ஊசிக்கோ அறுவைக்கோ போவது அவசரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் காலில் எங்கே வலிக்கிறதோ அதற்கும் படத்தில் தெரியும் டிஸ்க்குக்கும் பொருந்துகிறதா? என் பலம் சென்ற முறையைவிடக் குறைந்திருக்கிறதா? இன்னும் ஆறு வாரம் காத்திருந்தால் நான் எதை இழப்பேன்? துண்டை மட்டும் எடுப்பீர்களா, வேறு ஏதாவது செய்வீர்களா? எப்போது மறுபடி வண்டி ஓட்டலாம், பிள்ளையைத் தூக்கலாம்? கூட வருபவர் பதில்களை எழுதிக்கொள்ளட்டும். வலியோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி காதில் ஏறாது.